பூட்டு சரி, சாவி யாரிடம்?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தேக்கா சந்தையில் மீன் கடைமுன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மையார் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டிவியில வர்ற தம்பிதானே நீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்லுங்க தம்பி. என் மகன் உயர்நிலை ரெண்டுல படிக்கிறான். நான் ராத்திரி வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவன் என்ன பாக்குறான், யாரோட பேசுறான்னு எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம், லைப்ரரி எல்லா எடத்துலயும் இந்தப் பேசுற தளங்களை எல்லாம் கவர்மெண்டே மொத்தமாப் பூட்டிட்டா என்ன?"

வரிசை நகர்ந்துவிட்டது. "பாக்கலாம் அக்கா, நிகழ்ச்சியில பேசுறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது. பிள்ளைகளும் இணையமும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேச உட்கார்ந்தபோதும் அதுதான் மனத்தில் இருந்தது. அங்கே பேசியதையும், நேரம் போதாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூட்டே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். வீட்டுக்குக் கதவு வைக்கிறோம், கதவுக்குப் பூட்டும் போடுகிறோம். பிள்ளைகள் நடமாடும் இணையத்துக்கும் அது வேண்டும். ஆனால் எந்தப் பூட்டைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது? பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளை எங்கே போகிறது?

தமிழ் ஏறிய ஊர், விதி பிறந்த ஊர்

இணையத்தில் தமிழ் எழுத்து வந்த கதையில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தந்த ஓர் இணையத்தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அந்தத் தளத்தில் தமிழ் எழுத்து தெரிவதற்குப் பாடுபட்டவர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ் இணையம் பற்றிய முதல் அனைத்துலக மாநாடான தமிழ்நெட் 97 நடந்ததும் நம் ஊரில்தான்.

தமிழ்க் கவிதை இணையத்தில் ஏறிய மறு ஆண்டே, அதாவது 1996 ஜூலை 15ஆம் தேதி, அன்றைய சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையம் இணையத்துக்கான உரிம விதிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆபாசம், வன்முறை, இன சமய வெறுப்பு ஆகியவையே ஆணையத்தின் முக்கியக் கவலைகள். பெரியவர்கள் பார்ப்பவற்றைவிடப் பிள்ளைகள் பார்ப்பவற்றில் கண்டிப்பு கூடுதலாக இருக்கும் என்பது அப்போதே வகுக்கப்பட்ட கொள்கை. இணையச் சேவை நிறுவனங்கள் சுமார் 100 தளங்களைத் தடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. இணையத்தில் உள்ள கெட்டதை எல்லாம் இந்த 100 தளங்களைத் தடுத்து ஒழித்துவிடலாம் என்று ஆணையமும் நம்பவில்லை. "எதை ஏற்கமாட்டோம் என்பதற்கு இது ஓர் அடையாளம்" என்ற அளவில்தான் அந்தப் பட்டியல் இருந்தது. அந்த ஆணையம் 2003இல் ஊடக மேம்பாட்டு ஆணையமாகவும், 2016இல் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமாகவும் மாறியது. பெயர் மாறினாலும் பிள்ளைகளுக்குத் தனிக் கண்டிப்பு என்ற எண்ணம் மாறவில்லை.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியவுடன், கணினி முதலில் ஒரு பெரிய முகவரிப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடுகிறது. அந்தப் புத்தகத்தில் பெயரை அடித்துவிட்டால் தளம் திறக்காது. இது ஒரு வழி.

இரண்டாவது வழி, நடுவில் ஒரு காவற்காரரை நிறுத்துவது. பள்ளியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஓர் இடைநிலைக் கணினி வழியாகவே போகும். அது தன் பட்டியலைப் பார்த்து விடும் அல்லது மறுக்கும். உலகில் உள்ள தளங்களைச் சூதாட்டம், ஆபாசம், விளையாட்டு, வலைப்பூ, உரையாடல் என்று வகை வகையாகப் பிரித்துப் பட்டியல் விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பட்டியலை வாங்கியவர் "உரையாடல் வகை முழுவதும் வேண்டாம்" என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும்.

மூன்றாவது வழி, சொற்களைப் பார்த்துத் தடுப்பது. இதில்தான் வேடிக்கைகள் அதிகம். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் நகரவாசிகள் அமெரிக்கா ஆன்லைன் சேவையில் கணக்குத் திறக்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயரின் நடுவே ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையின் எழுத்துகள் ஒளிந்திருந்ததே காரணம்! இயந்திரத்துக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது.

இப்போது பெரும்பாலான தளங்களின் முகவரிப் பட்டையில் பாதுகாப்புக் குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை யூடியூபுக்குப் போகிறது என்பது நடுவில் நிற்கும் காவற்காரருக்குத் தெரியும். அங்கே கணிதப் பாடம் பார்க்கிறதா, கண்டதையும் பார்க்கிறதா என்பது தெரியாது. உள்ளே நடப்பது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஆகவே ஒரு கெட்ட காணொளியைத் தடுக்க நினைத்தால் தளம் முழுவதையும் தடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சிக்கலால்தான், பூட்டைத் தெருவில் போடுவதைவிட்டுப் பிள்ளையின் கணினிக்குள்ளேயே போடும் முறை வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேசும் தளங்கள் மீது ஏன் இத்தனை பயம்?

செய்தித் தளத்தைப் படிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வலைப்பூ, உரையாடல் அறை, சமூக ஊடகம் போன்றவற்றில் பிள்ளையும் எழுதலாம், அதற்கு யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். நன்மை தீமை இரண்டும் அந்த "யார் வேண்டுமானாலும்" என்பதில்தான் இருக்கின்றன.

இந்தப் பயத்தைச் சட்டமாக்கப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 2000ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. இணைய இணைப்புக்கு மத்திய அரசின் உதவி பெறும் பள்ளிகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களை வடிகட்டும் மென்பொருளைப் பொருத்த வேண்டும் என்பது விதி. நூலகர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2003 ஜூனில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரியவர் ஒருவர் கேட்டால் நூலகர் அந்த வடிகட்டியை நீக்கிக் கொடுக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம். அதாவது பூட்டு இருந்தது, சாவி நூலகரின் மேசையில் இருந்தது.

2006இல் அடுத்த முயற்சி. மைஸ்பேஸ் தளம் இளையரிடையே கொடிகட்டிப் பறந்த காலம் அது. சமூக வலைத்தளங்களையும் உரையாடல் அறைகளையும் பள்ளி, நூலகக் கணினிகளில் பிள்ளைகளுக்குத் தடுக்க வேண்டும் என்ற மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 410க்கு 15 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அமெரிக்க நூலகச் சங்கம் அதை எதிர்த்தது. அதன் வாதம் எளியது: வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு நூலகம்தான் இணையம், அங்கேயும் கதவை மூடினால் பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளைதான். மசோதா செனட் சபையைத் தாண்டாமல் காலாவதியானது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெட்ட படத்தைத் தடுத்தது. 2006 மசோதா பேசும் இடத்தையே தடுக்கப் பார்த்தது. தேக்காவில் அந்த அக்கா கேட்டதும் இரண்டாவது வகைப் பூட்டைத்தான்.

நாங்கள் போன மாடிக் கடை

இதில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2004இல் நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன. அப்போது ஃபிரண்ட்ஸ்டர் என்றால் எங்களுக்கு உயிர். பள்ளிக் கணினிக்கூடத்தில் அது திறக்காது, உரையாடல் பக்கங்களும் திறக்காது. ஆசிரியர் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பள்ளி விட்டதும் நாங்கள் நான்கு பேர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த இணையக் கடைக்குப் போய்விடுவோம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வெள்ளி. யாரும் எங்களைப் பார்க்கமாட்டார்கள், எதையும் கேட்கமாட்டார்கள். அங்கேதான் எங்கள் நண்பன் ஒருவன், தன்னைப் பதினாறு வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்ட ஒருவரோடு வாரக்கணக்கில் பேசினான். கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தான். ஒருநாள் மறுமுனையில் அழைத்தது ஒரு நடுவயது ஆணின் குரல். அவன் பயந்துபோய் எங்களிடம் சொன்னான். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "அந்தக் கடைக்கு ஏன் போனாய்?" என்ற கேள்விதானே முதலில் வரும்?

நல்லவேளையாக அது அத்தோடு நின்றது. பின்னாளில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் துறைப் பட்டயப் படிப்புப் படித்தபோது இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆசிரியர் இருந்த அறையில் பூட்டு இருந்தது. ஆபத்து இருந்த அறையில் ஆசிரியர் இல்லை. அந்த வயதில் எங்களுக்குப் பயம் வந்தபோது, தண்டனைக்கு அஞ்சாமல் போய்ச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் உண்மையான குறை.

இன்று அந்த மாடிக் கடை பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பள்ளியின் இணைப்பு தடுத்தால், நண்பனின் கைபேசியிலிருந்து இணைப்பை வாங்கிக்கொள்ளலாம். விபிஎன் என்ற மறைவழி மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். அந்த அக்காவின் மகனுக்கு இவை தெரியாது என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள்.

நம் பள்ளிகள் நடந்து வந்த வழி

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. 2005இல் ஆசிரியர்களைப் பற்றி வலைப்பூவில் தரக்குறைவாக எழுதிய தொடக்கக் கல்லூரி மாணவர்கள் சிலர் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டு, இனத்தைப் பழித்து இணையத்தில் எழுதிய இளையர் சிலர் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார்கள். பேசும் தளத்தில் வரும் ஆபத்து அந்நியரிடமிருந்து மட்டும் வருவதல்ல, நம் பிள்ளையின் விரலிலிருந்தும் வரலாம் என்பதை ஊர் அப்போது புரிந்துகொண்டது. இணைய நலம் என்ற பாடம் பள்ளிகளில் வேரூன்றியது இத்தகைய அனுபவங்களால்தான்.

அடுத்த பாடம் கொரோனா காலத்தில் கிடைத்தது. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. ஆரம்பித்த உடனேயே, உயர்நிலை ஒன்று மாணவிகளின் புவியியல் வகுப்புக்குள் வெளியாட்கள் ஸூம் வழியாகப் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி வைத்தது. சில நாட்களில், கூடுதல் பாதுகாப்பு அமைப்புகளோடு மீண்டும் அனுமதித்தது. பூட்டினார்கள், ஓட்டையை அடைத்தார்கள், திறந்தார்கள். பேசும் தளம் ஒன்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி என்பேன். அன்று ஸூமை நிரந்தரமாக மூடியிருந்தால் ஆசிரியரின் முகத்தையே பிள்ளைகள் பார்த்திருக்க முடியாது.

2021 முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரிடமும் மடிக்கணினி அல்லது கைக்கணினி ஒன்று வந்து சேர்ந்தது. அதனுள் சாதன நிர்வாக மென்பொருள் ஒன்று பொருத்தப்பட்டது. முன்பே சொன்ன, கணினிக்குள் போடும் பூட்டு இதுதான். பொருத்தமற்ற தளங்களை இது தடுக்கும். வகுப்பு நேரத்தில் மாணவர்களின் திரையை ஆசிரியர் பார்க்கலாம். எந்தச் செயலியைப் பொருத்தலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதையும் இது கட்டுப்படுத்தும்.

2021 தொடக்கத்தில் மாணவர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. "எங்கள் அறைக்குள்ளும் பள்ளி எட்டிப் பார்க்குமா?" என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். மாணவர் இருக்கும் இடத்தையோ கடவுச்சொற்களையோ மென்பொருள் பின்தொடராது என்று அமைச்சு விளக்கியது.

இங்கே பெற்றோர் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. பள்ளி நேரம் முடிந்தபின் இந்தப் பூட்டின் சாவி பெற்றோரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்று தெரிவுகள் இருக்கின்றன. பள்ளி வைத்த கட்டுப்பாடுகளே வீட்டிலும் தொடரலாம். அல்லது பெற்றோர் தம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாம். அல்லது பள்ளி நேரத்துக்குப் பிறகு கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எதையும் தேர்ந்தெடுக்காத பெற்றோருக்கு முதல் தெரிவு தானாகவே பொருந்தும். தேக்கா அக்காவுக்கு இது தெரியுமா? படிவம் வந்திருக்கும். மகன் "கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டியிருப்பான். அவரும் போட்டிருப்பார். எந்தத் தெரிவுக்குக் கையெழுத்துப் போட்டார் என்பது மகனுக்குத்தான் வெளிச்சம்!

சாவி தவறான கைக்குப் போனபோது

பூட்டே ஆபத்தாக மாறிய சம்பவமும் நம் ஊரில் நடந்தது. பள்ளிகள் பயன்படுத்திய சாதன நிர்வாக மென்பொருள்களில் ஒன்று மொபைல் கார்டியன். 2024 ஏப்ரலில், அந்த நிறுவனத்தில் நடந்த ஊடுருவலால் 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி அதைவிடப் பெரிய அடி விழுந்தது. அந்த நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் உலக அளவில் புகுந்த யாரோ, சாதனங்களில் இருந்தவற்றைத் தொலைவிலிருந்தே அழித்தார்கள். சிங்கப்பூரில் மட்டும் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். தேர்வுக்காக எழுதி வைத்த குறிப்புகளை இழந்தவர்களும் இருந்தார்கள். கல்வி அமைச்சு அந்த மென்பொருளை எல்லாச் சாதனங்களிலிருந்தும் அகற்றியது.

இதைச் சொல்வது யாரையும் குறைகூற அல்ல. ஆயிரக்கணக்கான கதவுகளுக்கு ஒரே சாவி என்றால், அந்த ஒரு சாவி திருட்டுப் போனால் ஆயிரக்கணக்கான கதவுகளும் திறந்துகொள்ளும். "எல்லாத்தையும் மொத்தமாப் பூட்டிட்டா என்ன?" என்ற கேள்விக்கு உள்ள பல பதில்களில் இதுவும் ஒன்று.

தமிழுக்கு என்ன நட்டம்?

தமிழ் ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னது இது. தம் மாணவர்கள் வாரம் ஒரு பக்கமாவது தமிழில் எழுத வேண்டும், ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுத வேண்டும் என்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். வகுப்பில் திறந்தால் திறக்கவில்லை. தடுக்கப்பட்ட வகை: வலைப்பூ. பள்ளியின் தொழில்நுட்ப அதிகாரியிடம் எழுதிக் கேட்டார். மூன்று நாளில் திறந்து கொடுத்தார்கள். "கேட்கத் தெரிந்ததால் கிடைத்தது. கேட்கத் தயங்கும் ஆசிரியர் அந்தப் பாடத்தையே விட்டிருப்பார்" என்றார் அவர்.

நம் வீடுகளில் தமிழ் பேசுவது குறைந்து வருகிறது என்று எல்லாரும் கவலைப்படுகிறோம். ஒரு பிள்ளை பரீட்சைக்கு அல்லாமல் தானாக விரும்பித் தமிழ் எழுதும் இடம் எது? பெரும்பாலும் பேசும் தளம்தான். பாட்டுக்கு ஒரு கருத்து, ஊரில் இருக்கும் அத்தை மகனுக்கு ஒரு வரி, விரும்பிய படத்துக்கு ஒரு விமர்சனம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம், திருத்தலாம். அதுவும் பேசும் தளத்தின் ஒரு வகையே. கதவை மொத்தமாக மூடினால் கெட்டதோடு இவையும் வெளியே நின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆங்கிலத்துக்காகச் செய்த சொல் வடிகட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வசவு அதன் கண்ணில் படவே படாது. ஆகவே தமிழ்ப் பிள்ளை தமிழில் துன்புறுத்தப்பட்டால் பூட்டு காப்பாற்றாது. அந்தச் சொல்லைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அம்மாவோ, அண்ணனோ, ஆசிரியரோதான் காப்பாற்ற வேண்டும். ஆங்கிலம் அதிகம் தெரியாது என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோர்களே, இந்த இடத்தில் இயந்திரத்தைவிட நீங்கள்தான் கெட்டிக்காரர்கள்.

கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு

நான் சொன்ன மாடிக் கடையை மறுபடி நினைத்துப் பாருங்கள். பிள்ளையைத் தடுப்பது ஒரு வழி. "சீருடையோடு வரும் பிள்ளையை ஏன் விட்டாய்?" என்று கடைக்காரரைக் கேட்பது மற்றொரு வழி. அண்மை ஆண்டுகளில் சட்டங்கள் அந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன.

2022 நவம்பரில் நம் நாடாளுமன்றம் இணையப் பாதுகாப்புச் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. 2023 ஜூலை 18 முதல் ஒரு நடத்தை நெறிமுறை நடப்புக்கு வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், டுவிட்டர், யூடியூப், ஹார்ட்வேர்ஸோன் ஆகிய 6 தளங்கள் தீங்கான உள்ளடக்கத்தைக் குறைக்கவும், பிள்ளைகளுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரவும், புகார்களைக் கவனிக்கவும் அது கட்டாயமாக்கியது. 2025 மார்ச் 31 முதல் செயலிகளை விநியோகிக்கும் ஆப் ஸ்டோர்களுக்கும் தனி நெறிமுறை வந்தது. 2025 நவம்பரில் நிறைவேறிய இன்னொரு சட்டம், இணையத்தில் துன்புறுத்தப்பட்டவர்கள் நேரடியாக முறையிடுவதற்கு ஓர் ஆணையம் அமைக்க வழிசெய்தது.

ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பான பாதையில் போயிருக்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் தண்டனை பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி வரையிலான அபராதம் நிறுவனத்துக்குத்தான். இது எப்படிப் போகிறது என்று உலகமே கவனிக்கிறது.

நம் பள்ளிகளிலும் 2026 ஜனவரி முதல் விதி இறுகியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும்கூட, திறன்பேசியையோ திறன்கடிகாரத்தையோ பயன்படுத்தக் கூடாது. கற்றல் சாதனங்கள் இரவில் தானாக அடங்கும் நேரம் 11 மணியிலிருந்து 10.30க்கு முன்னே கொண்டுவரப்பட்டிருக்கிறது. நான் இதை வரவேற்கிறேன். இது பேசும் தளங்களைப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து துடைத்தெறியவில்லை. "இந்த நேரம் நண்பனின் முகத்துக்கு, இந்த நேரம் தூக்கத்துக்கு" என்று நேரத்தையும் இடத்தையும் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் பள்ளி மணி அடித்த நேரத்திலிருந்து இரவு 10.30 வரை பிள்ளை யார் பொறுப்பு? கைபேசியில் அந்த 10.30 கணக்கும் கிடையாதே!

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒன்று, பள்ளி கொடுத்த சாதனத்துக்கு எந்தத் தெரிவு நடப்பில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். தமிழிலேயே கேட்க விரும்பினால் தமிழாசிரியரிடம் கேளுங்கள், வழி காட்டுவார்.

இரண்டு, இரவில் எல்லாருடைய கைபேசியும் வரவேற்பறையில் தூங்கட்டும். அப்பாவின் கைபேசியும்தான்.

மூன்று, வாரம் ஒருமுறை பிள்ளையை ஆசிரியராக்குங்கள். "இந்த டிக்டாக் எப்படி வேலை செய்யுது, எனக்குக் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். சோதனை போடுவதாகத் தெரிய வேண்டாம். கற்றுக்கொள்ளவே கேளுங்கள்.

நான்கு, நூலகத்துக்குச் சேர்ந்து போங்கள். தேசிய நூலக வாரியம் 2013 முதல் ஷ்யூர் என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று பார், புரிந்துகொள், மேலும் தேடு, எடைபோடு என்ற நான்கு படிகளைச் சொல்லித் தருகிறது. பழைய தமிழ் நாளிதழ்களையும் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தையும் மின்னிலக்க வடிவில் அந்த வாரியமே தந்திருக்கிறது. பிள்ளையின் கொள்ளுத் தாத்தா காலத்துச் செய்தியைத் தேடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். இணையம் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் உங்களுக்கும் கொஞ்சம் குறையும்.

ஐந்து, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "இணையத்துல உனக்கு எது நடந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. உன் போனைப் பிடுங்கமாட்டேன்" என்று இன்றே சொல்லுங்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். 2004இல் அந்த மாடிக் கடையிலிருந்து இறங்கி வந்த நான்கு பையன்களுக்கும் இந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் போதும்.

தேக்கா அக்கா இந்தப் பத்தியைப் படிக்கிறார் என்று நம்புகிறேன். அக்கா, கவர்மெண்ட் பூட்டத்தான் பூட்டுகிறது. பள்ளியும் பூட்டுகிறது. தளம் நடத்தும் நிறுவனங்களையும் இப்போது கேள்வி கேட்கிறார்கள். ஆனால் இரவு வேலை முடிந்து நீங்கள் கதவைத் திறக்கும்போது, உங்கள் மகன் தலைநிமிர்ந்து "அம்மா, இன்னிக்கு ஒருத்தன் எனக்கு என்ன அனுப்பினான் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், அதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்த அமைச்சும் தர முடியாது. அடுத்த ஞாயிறு சந்தைக்கு வருவேன். அந்தப் படிவத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.